எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

என் மகளுக்குப் பதினொரு வயது. சென்ற மாதம், உறவினர்கள் பலர் கூடியிருந்த ஓர் இடத்தில், அவள் அதுவரை நேரில் பார்த்தேயிராத ஒரு பெரியவர் அவள் கன்னத்தைத் தட்டி, "பல்லு விழுந்ததுக்கு அந்த அழுகை அழுத பொண்ணு நீதானே?" என்று கேட்டிருக்கிறார். அவர் வாஞ்சையோடுதான் கேட்டார். சுற்றியிருந்தவர்களும் வாஞ்சையோடுதான் சிரித்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மா, அந்த வீடியோவ மொத்தம் எத்தனை பேர் பாத்திருப்பாங்க?" என்று கேட்டாள்.

குரலில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதைப் போலத்தான் கேட்டாள். கோபப்பட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்; அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பேன். எண்ணிக்கை கேட்கிறவளிடம் எண்ணிக்கையைத்தான் சொல்ல வேண்டும். அது என்னிடம் இல்லை.

அந்த வீடியோ 42 விநாடி ஓடும். ஆறு வயதில் அவளுக்கு முதல் பல் விழுந்த அன்று எடுத்தது. விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதை மறுபடியும் ஒட்டவைக்க முடியாதா என்று விக்கி விக்கி அழுகிறாள். பல் விழுவது இயல்புதான் என்று யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை; நானும் சொல்லியிருக்கவில்லை. தன் உடம்பிலிருந்து ஒரு பகுதி கழன்று கையில் வந்து கிடக்கிறதே என்ற உண்மையான திகில் அவளுக்கு. எனக்கோ அந்த மழலைப் பேச்சும், விழுந்த பல்லின் இடைவெளியில் காற்றாக வெளியேறிய சொற்களும் அள்ளிக் கொஞ்சத் தோன்றுகிற அழகாக இருந்தன. நான் கைப்பேசியை எடுத்தேன். பிறகுதான் அவளை எடுத்தேன்.

அன்று இரவு அவள் தூங்கிய பின் அந்த வீடியோவை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் முப்பதாவது விநாடிக்குப் பக்கத்தில் நடக்கும் ஒன்றை அன்றைக்குத்தான் கவனித்தேன். அழுதுகொண்டிருக்கும் குழந்தை சட்டென்று நிமிர்ந்து பார்க்கிறாள். அவள் கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று மேலே, அதைப் பிடித்துக்கொண்டிருந்த என் முகத்தைப் பார்க்கின்றன. மூன்று விநாடி அப்படியே பார்க்கிறாள். பிறகு பார்வை தாழ்ந்து மறுபடியும் உள்ளங்கைக்கு வருகிறது. அந்த மூன்று விநாடியில் என் முகம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். திரையில் அவள் முகம் சட்டகத்துக்குள் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் செய்த ஒரு சோதனையைப் பற்றிக் குழந்தை வளர்ப்பில் ஆர்வமுள்ள பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். தாய் முதலில் தன் கைக்குழந்தையோடு வழக்கம்போல் சிரித்துப் பேசி விளையாடுவாள். பிறகு சில நிமிடங்களுக்கு எந்த உணர்ச்சியும் காட்டாமல், முகத்தை அசைக்காமல், குழந்தையைப் பார்த்தபடி வெறுமனே இருப்பாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், விரலால் எதையாவது சுட்டிக்காட்டும், கிறீச்சிடும். எதற்கும் பதில் இல்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சோர்ந்துபோகும், அழும். தாய் எங்கும் போய்விடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில், கண்ணெதிரேதான் இருக்கிறாள். முகம் மட்டும் பதில் தரவில்லை. அந்தச் சோதனை நடந்த காலத்தில் கைப்பேசி என்ற பொருளே வீடுகளில் இல்லை. ஆனால் அதைப் பற்றிப் படித்தபோதெல்லாம் எனக்கு, கையில் திரையோடு அமர்ந்திருக்கும் என்னைப் போன்ற தாய்மார்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது. திரையைப் பார்க்கும் முகத்துக்கு ஒரு தனி அமைதி உண்டு. எதிரே இருப்பவருக்கு அது மூடிய கதவு.

இதையெல்லாம் எழுதும்போது, தாய்மார்கள் கைப்பேசியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இரவு இரண்டு மணிக்குக் கைக்குழந்தையோடு தனியாக விழித்திருந்தவர்களாக இருப்பதில்லை. இவள் பிறந்த முதல் ஆறு மாதம், இரவில் எத்தனை முறை எழுந்தேன் என்று எண்ணுவதைக்கூட விட்டிருந்தேன். வீட்டில் மூத்த பெண்கள் யாரும் உடன் இல்லை. அவள் அப்பாவுக்கு வேலை நிமித்தம் அடிக்கடி வெளியூர்ப் பயணம். குழந்தை பால் குடித்துவிட்டுக் கக்குவது இயல்பா, மூச்சுவிடும்போது மூக்கில் வரும் சத்தம் சளியா, உச்சந்தலையில் துடிக்கும் அந்த மெல்லிய இடத்தைத் தெரியாமல் அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் மருத்துவரை எழுப்ப முடியாது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் கைப்பேசி, கட்டைவிரலால் தட்டச்சு செய்து தேடிய கேள்விகள் அவை. அந்த நேரத்தில், எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒரு தாய், "என் பையனும் இப்படித்தான் பண்ணினான், பயப்படாதீங்க, ஆனா காய்ச்சல் இருந்தா மட்டும் காத்திருக்காம டாக்டர்கிட்ட போயிடுங்க" என்று எழுதியிருந்த இரண்டு வரி என்னை அழவைத்திருக்கிறது. அந்தக் கடனை நான் மறக்கவில்லை. இணையம் இல்லாதிருந்தால் அந்த ஆறு மாதத்தை எப்படிக் கடந்திருப்பேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

படங்களை அனுப்பத் தொடங்கியதும் அந்தத் தனிமையில்தான். பகல் முழுவதும் ஒரு குழந்தையும் நானும் மட்டும் இருக்கும் வீட்டில், அவள் முதன்முதலாகக் குப்புற விழுந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அந்த மகிழ்ச்சியை ஒற்றை ஆளாக வைத்துக்கொள்ள முடியவில்லை. யாராவது "ஆகா" என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டால் ஐந்து நிமிடத்தில் இருபது பேர் "ஆகா" என்றார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தக் காக்கைக்கு ஊரே கூடி ஆமோதித்தால் எப்படி இருக்கும்? அடுத்த நாள் இன்னொரு படம் போனது. ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009-ஆம் ஆண்டில். நான் தாயானபோது அது வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்ததால், படம் போடுவதும் லைக்குகளை எண்ணிப் பார்ப்பதும் ஒரே செயலின் இரண்டு பாதிகளாகவே எனக்கு அறிமுகமாயின. அவள் வளர வளர, நான் மற்றவர்களிடம் எதிர்பார்த்த அந்த "ஆகா"வை அவளும் எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டாள் என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

கவனித்திருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. அவளுக்கு அப்போது நான்கு வயது. காலி அட்டைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழாவது பெட்டியை வைக்கும்போது நுனிக்காலில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கையை எடுத்தாள். கோபுரம் நின்றது. பெருமிதத்தோடு திரும்பியவளின் பார்வை நேராக என் வலது கைக்குப் போனது. என் முகத்துக்கு வரவில்லை. கை வெறுமையாக இருப்பதைப் பார்த்ததும் முகம் சற்று வாடியது. "வீடியோ எடுக்கலயா? சரி, இன்னொரு தடவை பண்றேன்" என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த கோபுரத்தைத் தானே கலைத்தாள். நானும் கைப்பேசியைத் தேடி எடுத்தேன். இரண்டாவது முறை அவள் அடுக்கியபோது மூச்சைப் பிடிக்கவில்லை. நுனிக்காலில் நின்றதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த இரண்டாவது கோபுரத்தின் வீடியோ இன்றும் இருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் கெட்டிக்காரி என்றார்கள். முதல் கோபுரத்தின்போது அவள் முகத்தில் இருந்த ஒருமுகப்பாட்டை நான் ஒருத்திதான் பார்த்தேன். அது போதாது என்று அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் படங்கள் இருந்தன. என் சிறுவயதுப் படங்கள் மொத்தம் பதினான்கு. கறுப்புத் தாளில் மூலைகளைச் செருகி வைத்த ஓர் ஆல்பம், பீரோவின் மேல்தட்டில், துணிகளுக்கு அடியில் இருக்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தானே திருப்பிக் காட்டுவார். அதில் நான் வாயைப் பிளந்து அழும் படமும் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் வரும்போது அம்மா, "அன்னிக்குப் புள்ளைக்கு உடம்பு சரியில்ல, பாவம், நாங்கதான் வற்புறுத்தி நிக்கவச்சோம்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். ஒவ்வொரு முறையும் சொல்வார். அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை. இப்போது நினைத்துப் பார்க்கையில், அம்மா அந்தப் படத்தின் அருகில் காவல் நின்றிருக்கிறார் என்று தோன்றுகிறது. பார்ப்பவர் யார் என்பது அம்மாவுக்குத் தெரியும். நானும் அதே அறையில் இருப்பேன்; பிடிக்கவில்லை என்றால் ஆல்பத்தை மூடச் சொல்லி அடம்பிடிக்கலாம், ஒன்றிரண்டு முறை பிடித்தும் இருக்கிறேன். பார்த்து முடித்ததும் ஆல்பம் மறுபடியும் பீரோவுக்குள் போய்விடும். வந்தவர் ஒரு படத்தைக்கூட எடுத்துக்கொண்டு போகமாட்டார்.

நான் அனுப்பிய வீடியோவுக்கு அப்படியொரு பீரோ இல்லை. மகள் கேட்ட எண்ணிக்கையைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று மறுநாள் ஒரு நோட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். குடும்பக் குழுவில் அன்று 58 பேர். என் கல்லூரித் தோழிகள் குழுவில் 19 பேர். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸாகவும் வைத்திருந்தேன். அது 24 மணி நேரம் இருந்து மறைந்துவிடும் என்றாலும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கும் அதோடு மறைந்துவிட்டது. என் சித்தி அதைத் தன் அலுவலகத் தோழிகளுக்கு அனுப்பியதாக அப்போதே பெருமையாகச் சொல்லியிருந்தார். பெரியப்பா மகன் தன் மனைவி வீட்டாரின் குழுவுக்கு அனுப்பியிருக்கிறான். கன்னத்தைத் தட்டிய அந்தப் பெரியவர் இந்த எந்தப் பட்டியலிலும் இல்லை. அவருக்கு யார் அனுப்பினார்கள், அவர் யாருக்கெல்லாம் அனுப்பினார் என்று தெரியவில்லை. நோட்டில் கோடு கிழித்து நிறுத்திவிட்டேன். மாலையில் மகளிடம், "எண்ணிப் பாத்தேன், முடியல. நூறு பேருக்கு மேல இருக்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியல" என்று உள்ளதைச் சொன்னேன். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப தெரியாதவங்களும் பாத்திருக்காங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

நீக்கிவிடலாம் என்றுதான் அடுத்துத் தோன்றியது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒன்றை எல்லோருடைய கைப்பேசியிலிருந்தும் நீக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அனுப்பி இரண்டு நாளும் சில மணி நேரமும் கடந்துவிட்டால் அது பயன்படாது. நான் அனுப்பியோ ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலக்கெடுவுக்குள் நீக்கியிருந்தாலும், வந்த வீடியோ பலருடைய கேலரியில் தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து பேக்கப்புக்குப் போயிருக்கும். ஃபார்வர்ட் செய்யப்பட்டதன் பிரதி என் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். என் கைப்பேசியில் அழிப்பது என் கண்ணிலிருந்து மறைப்பது மட்டுமே. இது தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்குப் பழைய செய்தியாக இருக்கலாம். ஒரு தாயாக, நோட்டும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வோர் உறவினர் வீட்டுக் கதவையும் மனத்தால் தட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. பிறகு உண்மையாகவே தட்டினேன். பதினோரு பேரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வீடியோ இருந்தால் அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். பெரும்பாலானோர் உடனே அழித்தார்கள். இரண்டு பேர், "குழந்தை வீடியோதானே, இதுல என்ன இருக்கு?" என்று வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கு என் மகளின் கேள்வியை அப்படியே சொன்னேன்.

குழந்தைகளின் அந்தரங்கத்தைக் காக்கச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு, குழந்தையின் அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் வீட்டிலும் கடிதப் போக்குவரத்திலும் யாரும் முறையின்றித் தலையிடக் கூடாது, அதன் மதிப்புக்கும் நற்பெயருக்கும் ஊறு விளைவிக்கக் கூடாது என்று சொல்கிறது. அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விவரங்களை இணையதளங்கள் திரட்டப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வயதை 18 என்று வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் இந்த இரண்டு சட்டங்களிலும் சாவி பெற்றோர் கையில்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. வெளியாள் உள்ளே நுழையாதபடி தாயும் தந்தையும் வாசலில் நிற்பார்கள் என்ற நம்பிக்கை அவற்றின் அடியில் இருக்கிறது. வாசலைத் திறந்து வைத்தவளே தாயாக இருந்தால் என்ன செய்வது?

அந்தக் கேள்வியை மெல்லக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் குழு 2021-இல் இணைய உலகம் பற்றி வெளியிட்ட பொதுக் கருத்துரையில், குழந்தையின் அந்தரங்கத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளைச் சொல்லும்போது, பெற்றோர் படங்களை இணையத்தில் பகிர்வதையும் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறது. பிரான்சு 2024 பிப்ரவரியில் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. குழந்தையின் உருவப்படத்தின்மீது குழந்தைக்குள்ள உரிமையைப் பெற்றோர் இருவரும் சேர்ந்து காக்க வேண்டும் என்றும், அதன் வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதையும் அந்த முடிவில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அந்நாட்டுச் சட்டம் இப்போது சொல்கிறது. குழந்தையையும் சேர்த்துக்கொள்வது என்ற அந்த ஒரு சொற்றொடரில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் படத்தை எப்படி எடுப்பது, எந்த வெளிச்சத்தில் எடுப்பது, என்ன வரி எழுதுவது என்றெல்லாம் யோசித்த எனக்கு, அருகிலேயே நின்றுகொண்டிருந்தவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றியதில்லை. அவளைக் கேட்காமல் அவள் பென்சிலைக்கூட நான் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை.

இப்போது கேட்கிறேன். கேட்பது என்றால், "அனுப்பட்டுமா?" என்று அவசரமாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவது அன்று. எந்தப் படம், யாருக்கு, என்ன எழுதப் போகிறேன் என்பதைக் காட்டிக் கேட்கிறேன். முதல் வாரம் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றாள். எனக்குள் சற்று வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவள் நீச்சலில் முதன்முறையாக முழு நீளம் நீந்திக் கரையேறிய படமும் அவற்றில் ஒன்று. ஈர முடியும், மூச்சு வாங்கும் சிரிப்புமாக அவ்வளவு அழகாக இருந்தது. கைப்பேசியில் அதை வைத்துக்கொண்டு, அனுப்பாமல், நான் மட்டும் நான்கைந்து முறை பார்த்தேன். மகிழ்ச்சி குறைந்ததா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். குறையவில்லை, ஆனால் அது இருக்கும் இடம் மாறியிருந்தது. முன்பெல்லாம் அனுப்பிய பிறகு யார் என்ன சொல்கிறார்கள் என்று மாலை வரை அதன் பின்னாலேயே போவேன். அன்று அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

படங்கள் நின்றதை முதலில் உணர்ந்தவர் என் அம்மாதான். "என்னடி, புள்ள படமே இப்பல்லாம் வர்றதில்ல? எம்மேல எதாச்சும் கோபமா?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. தொலைவில் இருக்கும் பாட்டிக்கு அந்தப் படங்கள் நாளைக்கு ஒரு முறை பேத்தியைத் தொட்டுப் பார்ப்பதைப் போல. ஐம்பத்தெட்டு பேர் கொண்ட குழுவையும் அம்மாவையும் ஒரே தராசில் வைத்துவிட்டேனே என்று வருந்தினேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "புள்ள கேட்டது நியாயம்தான். எனக்கு படம் வேணாம், அவளைப் பேசச் சொல்லு" என்றார்.

இந்த இடத்தில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்த 2016-ஆம் ஆண்டில், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வெளியிட்ட அறிவுரை, ஒன்றரை வயது வரை குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றபோதும் ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளித்தது: உறவினரோடு வீடியோவில் நேருக்கு நேர் பேசுவதற்கு. அந்த விலக்கின் காரணம் அப்போது எனக்குப் புரியவில்லை; திரை என்றால் எல்லாம் திரைதானே என்று நினைத்தேன். பிறகுதான், 2003-இல் பட்ரீசியா கூல் என்ற அறிஞரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். நேரில் உட்கார்ந்து ஒருவர் கதை சொல்லி விளையாடியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே சொற்கள், ஆனால் பதிவு செய்யப்பட்ட வீடியோ என்றபோது கற்கவில்லை. 2014-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், இரண்டு வயதைக் கடந்த குழந்தைகள் புதிய வினைச்சொற்களைப் பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. ஆனால் மறுமுனையில் ஒருவர் உண்மையாகவே இருந்து, தங்கள் சொல்லுக்கும் சிரிப்புக்கும் உடனுக்குடன் பதில் தந்த வீடியோ உரையாடலில் கற்றுக்கொண்டார்கள். ஆக, குழந்தைக்கு வேண்டியது பதில் சொல்லும் முகம். கண்ணாடித் திரை நடுவில் இருந்தாலும் பாட்டியின் முகம் பதில் சொல்கிறது. அருகிலேயே இருந்தாலும், படம் பிடித்துக்கொண்டிருந்த என் முகம் பதில் சொல்லவில்லை.

எனவே இப்போது பாட்டியும் பேத்தியும் வாரத்தில் மூன்று நாள் பேசுகிறார்கள். பாட்டி பெரும்பாலும் கைப்பேசியைச் சரியாகப் பிடிக்க மாட்டார். நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரியும், சில நேரம் கூரை மட்டும் தெரியும். மகள் பொறுமையாக, "பாட்டி, கொஞ்சம் கீழ இறக்குங்க" என்பாள். நீச்சல் குளத்தின் முழு நீளத்தையும் நீந்திய கதையை அவளே சொன்னாள். நடுவில் மூச்சு முட்டியதையும், நிறுத்திவிடலாம் என்று நினைத்ததையும், பக்கத்து வரிசையில் இருந்த பையன் நிறுத்தியதைப் பார்த்து வீம்பு வந்ததையும் சொன்னாள். அந்த வீம்பு என் படத்தில் இல்லை. கரையோரமே நின்றிருந்த எனக்கு அது தெரியவும் தெரியாது. சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

ட்ரோனிக்கின் சோதனையில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அழும் குழந்தையைத்தான். ஆனால் அதற்கு மூன்றாவது பகுதி ஒன்று உண்டு. தாய் மறுபடியும் முகம் மலர்ந்து குழந்தையிடம் திரும்பி வருவாள். குழந்தை சற்றுத் தயங்கும், முறைத்துக்கொள்ளும், பிறகு கையை நீட்டும். தாய்க்கும் குழந்தைக்கும் இடையே தொடர்பு அறுவது அன்றாடம் நடப்பதுதான், அறுந்ததை மறுபடியும் இணைப்பதில்தான் உறவு வளர்கிறது என்பது அவர் பிற்காலத்தில் தொடர்ந்து வலியுறுத்தி வந்த கருத்து. நான் பற்றிக்கொண்டிருப்பது அந்த மூன்றாவது பகுதியைத்தான்.

பழைய படங்களை என்ன செய்வது என்பதையும் அவளிடமே விட்டேன். சமூக ஊடகத்தில் நான் போட்டிருந்தவற்றை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, ஆண்டுவாரியாகப் பார்த்து வருகிறோம். அவள் மூன்று வகையாகப் பிரிக்கிறாள்: நீக்க வேண்டியவை, இணையத்திலிருந்து எடுத்துவிட்டு வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியவை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுபவை. அவள் எதை நீக்குவாள் என்று நான் எண்ணியிருந்தேனோ அது பெரும்பாலும் தவறாகவே இருக்கிறது. முகமெல்லாம் மாவு அப்பிய படம் இருக்கட்டும் என்கிறாள். பள்ளியில் பரிசு வாங்கும் படத்தை, நான் மிகவும் பெருமைப்பட்டு எழுதிய நீண்ட குறிப்போடு சேர்த்து, நீக்கச் சொன்னாள். காரணம் கேட்டேன். "அதுல நீங்க எழுதினது நான் இல்லம்மா" என்றாள். அந்தக் குறிப்பை மறுபடியும் படித்தேன். அவள் எவ்வளவு உழைத்தாள், எப்படித் துவளவே இல்லை என்றெல்லாம் எழுதியிருந்தேன். அந்தப் போட்டிக்கு முந்தைய இரவு அவள் போகமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது நினைவுக்கு வந்தது. அதை நான் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்காக அவள் நன்றி சொல்லக்கூடும். ஆனால் துவளாத பெண் என்று இன்னொருத்தியை அவள் பெயரில் உருவாக்கி ஊருக்குக் காட்டியதை அவள் ஏற்கவில்லை. நீக்கினேன்.

சென்ற வாரம் 2016-ஆம் ஆண்டுப் படங்களில் ஒன்றில் அவள் நின்றுவிட்டாள். தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. சட்டகத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் உள்ளே நீண்டு அவளுடைய விரலைப் பிடித்திருக்கிறது. "இது யார் கை?" என்று கேட்டாள். என்னுடையது என்றேன். "நீங்க ஏன் எந்தப் படத்துலயும் இல்ல?" என்றாள். எடுத்தவளே நான்தானே என்றேன். அவள் மேலும் கீழுமாகத் திரையை நகர்த்தித் தேடினாள். அந்த ஆண்டில் மட்டும் நான் போட்டிருந்த இருநூற்றுச் சொச்சம் படங்களில் என் முகம் இருந்தது மூன்றில். அந்த மூன்றையும், அந்தக் கை இருந்த படத்தையும் வீட்டில் வைக்கும் வகையில் சேர்த்துவிட்டு, "இந்த நாலையும் பிரிண்ட் போடலாமா?" என்று கேட்டாள்.

போட்டாயிற்று. கறுப்புத் தாள் ஆல்பம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதால் சாதாரண ஆல்பம் ஒன்றில் செருகி, அவளுடைய அலமாரியில் வைத்திருக்கிறாள். 2017-ஆம் ஆண்டுப் படங்கள் இன்னும் தொடங்கவில்லை.